செடி கடைசியில் வரட்டும்: இயற்கையோடு ஒட்டிய கட்டடத்தை எங்கிருந்து தொடங்குவது

வரவேற்பறை மூலையில் வைத்த ஃபைகஸ் செடி ஆறே மாதத்தில் இலை கொட்டிக் குச்சியாக நிற்பதைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வேர் அழுகும், தொட்டி மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்பு ஈ கிளம்பும். அந்த மூலையில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 80, 100 என்று காட்டும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சுமார் 10,000 லக்ஸ் இருக்கும், உச்சி வெயிலில் ஒரு லட்சம். குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் மணி பிளான்ட்டுக்கும் ஸ்னேக் பிளான்ட்டுக்குமே தினமும் பத்து மணி நேரம் 500 லக்ஸ் அளவுக்காவது வேண்டும். ஃபைகஸுக்கு 2,000-க்கு மேல். அதாவது அந்தச் செடி தண்ணீர் இருந்தும் பட்டினி கிடந்து செத்திருக்கிறது. மனிதக் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. அதே மூலையில் மேசை போட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் அந்த 100 லக்ஸில்தான் இருக்கிறார்.

இயற்கையோடு ஒட்டிய கட்டடம் வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது செடியைத்தான்: பச்சைச் சுவர், மாடித் தோட்டம், நடுக்கூடத்தில் ஒரு மரம். வரைபடம் முடிந்து, கான்கிரீட் போட்டு, ஏசி குழாயும் ஓடிய பிறகு கேட்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அந்த நிலையில் தொட்டி வைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. வேலை நடக்க வேண்டிய வரிசை வேறு. முதலில் ஜன்னலில் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். பிறகு வெளிச்சம், அதன்பின் காற்று, பிறகு மண்ணும் தண்ணீரும். இவை அமைந்த இடத்தில் செடி தானே பிழைக்கும்.

காட்சியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்தார். வயது, பாலினம் முதலியவை ஒத்துப்போகும்படி 23 ஜோடிகளாக 46 பேரைப் பிரித்தார். ஒரு பாதியினரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மறுபாதியினருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒப்பிடப்பட்டது ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததை மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே தொட்டி வைத்ததைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கோடு இழுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். படுத்திருப்பவருக்கு அது 60, 70 சென்டிமீட்டர்தான். 90 சென்டிமீட்டரில் சில், அதாவது ஜன்னலின் கீழ் விளிம்பு, வைத்தால் மேசையில் இருப்பவருக்கு மரம் தெரியும், கட்டிலில் இருப்பவருக்கு வானம் மட்டும் தெரியும். நோயாளி அறை, முதியோர் அறை, குழந்தைகள் வகுப்பு ஆகியவற்றில் சில்லை 45 முதல் 60 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். விழுந்துவிடாதபடி கம்பியோ லேமினேட்டட் கண்ணாடியோ சேர்த்தே கணக்கில் எடுங்கள். ஐரோப்பாவின் ஈ.என். 17037 தர விதி ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. ஜன்னலுக்கும் எதிரே தெரிவதற்கும் குறைந்தது 6 மீட்டர் இடைவெளி வேண்டும். வானம், நடுவில் மரமோ கட்டடமோ, கீழே தரை என்ற மூன்று அடுக்கும் தெரிந்தால் அது சிறந்த காட்சி. மூன்றில் நாம் தவறவிடுவது தரையைத்தான். மேல் மாடிகளில் ஜன்னலுக்கு வெளியே அகலமான தட்டு நீட்டிவிட்டால் கீழே இருக்கும் தோட்டம் மறைந்துபோகும்.

வெளிச்சத்துக்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பயனுள்ள பகல் வெளிச்சம் உள்ளே வரும். ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் 2.1 மீட்டரில் இருந்தால் நாலேகால் மீட்டர், மிஞ்சினால் ஐந்தேகால். அதே ஜன்னலின் மேல் விளிம்பை 2.7 மீட்டருக்கு ஏற்றினால் ஆறேமுக்கால் மீட்டர்வரை வரும். ஜன்னலை அகலமாக்குவதைவிட உயர்த்துவது அதிகப் பலன் தரும் என்பது இதனால்தான். அறையின் ஆழம் இந்த எல்லையைத் தாண்டும்போது பொதுவாகக் கண்ணாடியைப் பெரிதாக்குகிறார்கள். அதில் ஜன்னலோரம் கண் கூசும், வெப்பம் ஏறும், உடனே திரைச்சீலை போடுவார்கள், உள்ளே விளக்கு எரியும். திரை ஒருமுறை மூடப்பட்டால் மாதக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் பகலிலும் விளக்கெரிய இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் திரைதான்.

மாற்று வழி, ஜன்னலை இரண்டாகப் பிரிப்பது. தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருப்பது பார்க்க, மேலே இருப்பது வெளிச்சத்துக்கு. நடுவில் வெள்ளைத் தட்டு ஒன்று நீட்டினால் மேல் பாகத்தில் விழும் வெயில் அதில் பட்டு மேற்கூரைக்குப் போய் உள்ளே பரவும். மேற்கூரை நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் பூசினால் இந்த ஏற்பாடு வீண். வெயில் மறைப்பும் திசைக்குத் திசை மாறும். நடுப்பகல் சூரியன் உயரத்தில் நிற்கும் பக்கத்துக்குக் கிடைமட்டத் தட்டு போதும். கிழக்கு, மேற்கில் சூரியன் தாழ்ந்து வருவதால் அங்கே தட்டால் பயனில்லை. நிமிர்ந்த பலகைகளோ வெளியே ஒரு மரமோ வேண்டும். படுக்கையறைக்குக் காலை வெளிச்சம் விழும் திசையைக் கொடுங்கள். உடலின் தூக்கக் கடிகாரத்தை ஒழுங்குபடுத்துவது காலையில் கண்ணில் விழும் வெளிச்சம்.

காற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டியிருக்கிறது: செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. அதன் ஊற்று, நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு. சிறிய மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. பெட்டியில் காற்று மாறாது, அறையில் மாறும். 2019-இல் வெளிவந்த ஒரு மறுபரிசீலனை, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள்வரை வேண்டும் என்று காட்டியது. செடியை நேசிப்பவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும். ஆனால் ‘காற்றுச் செடி’ வைத்துவிட்டோம் என்று ஜன்னலை மூடி வைப்பது உண்மையாகவே உடல்நலத்தைக் கெடுக்கிறது.

காற்றோட்டத்துக்கும் ஆழம்தான் கணக்கு. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறைக்கு, கூரை உயரத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம்வரை காற்று வேலை செய்யும். எதிரெதிரே திறப்பு இருந்தால் ஐந்து மடங்குவரை. 3 மீட்டர் கூரைக்கு 15 மீட்டர் என்றாகிறது. உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பினால் இந்தக் கணக்கு போச்சு. கதவுக்கு மேல் வென்டிலேட்டராவது விடுங்கள். காற்று வராத நாளுக்காக மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் வேண்டும். சூடான காற்று ஏறி வெளியேற, கீழிருந்து குளிர்ந்தது வரும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு கூடுமோ அவ்வளவு நல்லது. கொசுவலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும். அதனால் திறப்பின் அளவை முடிவு செய்யும்போதே வலையைச் சேர்த்து எண்ணி, திறப்பைப் பெரிதாக்கிவிட வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, கரியமில வாயு மீட்டர் ஒன்றை ஆள் நிறைந்த அறையில் ஒரு நாள் வையுங்கள். வெளிக்காற்றில் இப்போது 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு) சற்று மேல். உள்ளே 1,000-ஐத் தாண்டினால் புதுக் காற்று போதவில்லை.

இனி மண். தவறுகள் அதிகம் நடப்பதும், அவற்றுக்குச் செலவு அதிகமாவதும் மொட்டை மாடித் தோட்டத்தில்தான்.

எடையிலிருந்து தொடங்குகிறது. மண்ணை நனைந்த நிலையில் எடைபோட வேண்டும். சாதாரணத் தோட்ட மண் நீர் ஊறினால் கன மீட்டருக்கு 1,800 முதல் 2,000 கிலோ. 15 சென்டிமீட்டர் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 300 கிலோவை நெருங்கிவிடும். ஆட்கள் நடமாட மட்டும் கணக்கிட்ட ஸ்லாப் பெரும்பாலும் 150, 200 கிலோவுக்குத்தான் போடப்பட்டிருக்கும். பெர்லைட், எரிமலைக் கல், சுட்ட களிமண் உருண்டை, உடைத்த செங்கல் கலந்த லேசான கலவை நனைந்தபின் கன மீட்டருக்கு 1,000 முதல் 1,200 கிலோ. இப்படிப் பார்த்தால் அதே 15 சென்டிமீட்டர் 150, 180 கிலோவில் அடங்கும். புல்லுக்கும் சதைப்பற்றுள்ள செடிக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர், பூச்செடிக்கு 20 முதல் 30, புதருக்கு 45 முதல் 60. மரம் என்றால் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. தூணுக்கு நேர் மேலே அதற்கு இடம் ஒதுக்கி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கில் முதல் நாளே அது ஏற வேண்டும். கட்டி முடித்த ஸ்லாப்பில் ஒரு மீட்டர் மண் போடலாமா என்று பிறகு கேட்டால் ‘கூடாது’ என்பதே நேர்மையான பதில்.

அடுத்தது அடுக்குகள். ஸ்லாப்புக்கு நூற்றுக்கு ஒன்று, முடிந்தால் ஐம்பதுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்துவிட்டு அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அல்லது விரிப்பு. சுவரோரம் அது திரும்பி ஏறி, மண் மட்டத்துக்கு மேலும் 15 சென்டிமீட்டர் போக வேண்டும். மண் மட்டத்தோடு நிறுத்திவிட்டால் மழை நாளில் தண்ணீர் அந்த விளிம்பு வழியாகப் பின்புறம் இறங்கும்; கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும்போது ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. விரிப்பு போட்டதும் வடிகால் வாயை அடைத்து 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள், கீழே போய்க் கூரையைக் கையால் தடவிப் பாருங்கள். இந்தச் சோதனையை அவசரத்தில் தவிர்த்தவர்கள் பிற்பாடு மண் முழுவதையும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

சோதனை முடிந்தபின் வேர்த்தடுப்பு. தார் கலந்த விரிப்பை வேர் துளைத்துவிடும், ஆகவே அதன்மேல் தனியாக ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் தேவை. பிறகு மண்வெட்டி படாமல் காக்க ஒரு காப்புத் துணியோ மெல்லிய கான்கிரீட் பூச்சோ. அதன்மேல் 20 முதல் 40 மில்லிமீட்டர் உயர வடிகால் பலகை, அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, துணியின்மேல் மண். துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 15, 20 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். விளிம்போடு விளிம்பாக வைத்தால் மண் கொட்டும்போது விலகி, நுண்மண் இறங்கி வடிகால் பலகையை அடைக்கும். வடிகால் வாய் ஒவ்வொன்றுக்கும் மேலே மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பெட்டி வையுங்கள். அதைச் சுற்றியும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண் இல்லாமல் கூழாங்கல் மட்டும். குறைந்தது இரண்டு வடிகால் வாய் வேண்டும், அதோடு வழிந்தோட ஒரு துளை. ஒன்று அடைத்தால் மாடி குளமாகி எடை ஏறிவிடும். மண்கலவையில் மட்கிய உரமும் தேங்காய் நார்க்கழிவும் மூன்றில் ஒரு பங்கை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமானால் முதல் வருடம் செடி அமோகமாக வளரும், அதன்பின் எல்லாம் மட்கி மட்டம் இறங்கி வேர் வெளியே தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை, நீர்த்தடுப்பு வேலை ஒருவரிடமும் தோட்டம் இன்னொருவரிடமும் இருக்கும்போது நடப்பது. தோட்டக்காரர் சொட்டுநீர்க் குழாயைப் பொருத்தச் சுவரில் ஒரு ஆணி அடிப்பார். அந்த ஒரு ஆணி போதும். குழாய், விளக்கு, பந்தல் கால் எல்லாம் எங்கே நிற்கும் என்று விரிப்பு போடுவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும்.

உயரத்தில் மரம் வைப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இத்தாலியின் மிலான் நகரில் 2014-இல் முடிந்த போஸ்கோ வெர்ட்டிகாலே இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கலாம். பால்கனித் தொட்டிகளில் சுமார் 800 மரங்கள். காற்றுச் சுரங்கத்தில் மரங்களைச் சோதித்து, வேர்க்கட்டியைத் தொட்டியோடு பிணைத்திருக்கிறார்கள். கத்தரிக்க ஆட்கள் கயிற்றில் இறங்குகிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. மாறாக, சிங்கப்பூரில் 2010-இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை தரையிலிருந்து தொடங்குகிறது. பக்கத்துக் குளத்தை நோக்கித் திறந்த முற்றம், காற்று ஓடும் வார்டுகள், மேலே காய்கறித் தோட்டம். கற்றுக்கொள்ள இதில் இருப்பது அதிகம் என்பது எங்கள் கருத்து.

தரையில் இடம் இருந்தால் தரையில் நடுங்கள். நிழலும் குளிர்ச்சியும் பறவையும் ஒரு மரம் தருவதை நூறு தொட்டி தராது. களிமண் பூமியில் மட்டும் கவனம்: பெரிய மரம் ஈரத்தை உறிஞ்ச மண் சுருங்கி, அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடிக்கும். அங்கே மரத்தைத் தள்ளி நடுங்கள், அல்லது அஸ்திவாரத்தை ஆழப்படுத்துங்கள்.

பச்சைச் சுவரிலும் இதே முறைதான். தரையில் வேர்விட்டு எஃகுக் கம்பியில் ஏறும் கொடிக்கு அரை கன மீட்டர் மண்ணும், சுவரிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டிய கம்பியும் போதும். சுவர் மூட இரண்டு மூன்று வருடம் ஆகும், பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்கள், செடி நட்ட பலகைகளைச் சுவரில் பொருத்தும் பேனல் வகையை வாங்குகிறார்கள். அதில் தண்ணீர் மோட்டாரும் டைமரும் உயிர்நாடி. வெயில் காலத்தில் மோட்டார் இரண்டு நாள் நின்றால் சுவர் காய்ந்து தீப்பிடிக்கும் சருகாகிவிடும். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவதால் மேல் வரிசை காயும், கீழ் வரிசை அழுகும். எனவே இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு தனிக் குழாயும் தனி வால்வும் கொடுங்கள், பேனலுக்குப் பின்னால் 5 சென்டிமீட்டர் காற்று இடைவெளி விடுங்கள். கட்டடத்துக்குள் இருக்கும் பச்சைச் சுவருக்குத் தினமும் 12 மணி நேரம் வளர்விளக்கு எரிய வேண்டியிருந்தால், அந்த மின்சாரத்தையும் கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு அது பசுமையா என்று முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் வேண்டுமென்றால் வழிந்தோடும் தண்ணீராக இருக்கட்டும். புகைபோல் தூவும் நீரூற்று வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அது நுண்துளியோடு நுரையீரலுக்குப் போனால் கடும் நிமோனியா வரும். கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் ஆகும், ஆகவே தேங்கும் தொட்டியை வாரம் ஒருமுறை வடித்துத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் கப்பி மீன் விட வேண்டும்.

மரம், மூங்கில், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கை படுகிற இடத்தில் செலவிடுங்கள்: கைப்பிடி, கதவு, மேசை விளிம்பு. மரப்படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் தொட்டால் ஒன்றுமே கிடைக்காது. பலகை வாங்கும்போது, அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு குறைவான ஈ1 தரம் கேளுங்கள். குடியேறும் முன் ஓரிரு வாரம் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துப் பெயிண்ட் வாடையை வெளியேற்றுங்கள்.

பலரும் மறப்பது பறவையை. கண்ணாடிக்குப் பின்னால் செடி இருந்தாலோ, கண்ணாடியில் மரம் பிரதிபலித்தாலோ பறவை அதை வழி என்று நம்பி மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் தடுக்கலாம். உள்புறம் ஒட்டினால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். பறவைக்காக மரம் நட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே வெறும் கண்ணாடி நிறுத்துவது மனதுக்கு மிகவும் கஷ்டமான தவறு.

ஏற்கெனவே கட்டிய கட்டடத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். ஒரு வாரத்தில் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. மேசைகளை ஜன்னலிலிருந்து 3 மீட்டருக்குள் கொண்டுவந்து, கணினித் திரைக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வரும்படி திருப்புங்கள். அலமாரியையும் பிரிண்டரையும் உள்ளே தள்ளுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள், மேற்கூரைக்கு வெள்ளை அடியுங்கள். ஆணி அடித்து மூடிய ஜன்னல்களைத் திறக்க வையுங்கள். அதன்பின் லக்ஸ் மீட்டரோடு நடந்து, 500-க்கு மேல் காட்டும் இடங்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறியுங்கள். செடி போக வேண்டிய இடம் அவை.

யார் பார்த்துக்கொள்வது என்பதும் வரைபடத்திலேயே பதியப்பட வேண்டிய விஷயம். செடி இருக்கும் எந்த இடத்துக்கும் 15 மீட்டருக்குள் ஒரு குழாய், ஏணி இல்லாமல் போய்ச் சேரும் வழி, தொட்டி நீர் வடிய ஒரு வடிகால். தண்ணீர் சிந்திய தரையும் சுவரும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வேண்டும், தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஒப்படைக்கும் நாளில் ஒரு பதிவேடு கொடுங்கள்: வால்வு எங்கே, வடிகால் பெட்டி எத்தனை, எந்தச் செடிக்கு எவ்வளவு. மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு அந்தப் பெட்டிகளின் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, சேர்ந்திருக்கும் இலையையும் வேர்முடிச்சையும் எடுத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கீழே குழாயில் விழும் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேளுங்கள்.